இருபத்தொரு அங்குலத் திண்ணை



போன வாரம் எங்கள் வீட்டுப் புதுத் திண்ணையின் படத்தைப் போட்டிருந்தேன். நிறையப் பேர் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். "சார், வீடு புதுசா கட்டறீங்களா?" என்று சிலர். "இந்தக் காலத்துல திண்ணையா?" என்று சிலர். சோளிங்கரில் இருக்கும் என் அக்கா மகன், "என்ன மாமா, யானை மேல ஏறப் போறீங்களா, இவ்ளோ உயரமா கட்டியிருக்கீங்க?" என்று எழுதியிருந்தான். தனித்தனியாகப் பதில் போட எனக்கு விரல் ஓடாது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்திருந்த பொறுமையோடு படியுங்கள்.

என் உயரம் உங்களுக்குத் தெரியும். ஆறடி இரண்டு அங்குலம். எனக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயரும் எனக்குத் தெரியும், நான் தெரியாததுபோல் இருந்தேன், அவ்வளவுதான். பனைமரம் என்பது 1984-ஆம் வருடத்துப் பிள்ளைகள் வைத்தது. லைட் கம்பம் என்பது பிறகு வந்தது. என்னோடு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள் கொக்கு என்று கூப்பிட்டதற்கு அவை இரண்டுமே பரவாயில்லை.

நெட்டையாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை எடுக்க ஸ்டூல் வேண்டாம். மற்றதெல்லாம் கஷ்டம்தான். அதிலும் வீட்டுக்கு வெளியே உட்காருவது. வீட்டுக்குள் கட்டிலோ நாற்காலியோ நம் வசதிக்குச் செய்துகொள்ளலாம். தெருவில், பூங்காவில், கல்யாணப் பந்தலில், பேருந்து நிறுத்தத்தில் யாரோ யாருக்கோ போட்ட இருக்கையில்தான் உட்கார வேண்டும். நாற்பது வயது வரை இது ஒரு குறையாகவே தெரியாது. காலை எப்படியாவது மடக்கியோ நீட்டியோ சமாளித்துவிடுவோம். அறுபதுக்கு மேல் முழங்கால் பேச ஆரம்பிக்கும்.

சென்ற ஆண்டு தை மாதம் எனக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது. டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தினமும் நடக்க வேண்டும், களைத்தால் உட்கார்ந்து எழுந்து மறுபடி நடக்க வேண்டும். இரண்டு, தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது. உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. முதல் ஆலோசனையைக் கேட்டுத் தெருவில் இறங்கியபோதுதான் இரண்டாவது ஆலோசனையை எங்குமே நிறைவேற்ற முடியாது என்று புரிந்தது. டீக்கடை பெஞ்சு தாழ்வு. கோயில் வாசல் மேடை தாழ்வு. மரத்தடியில் கட்டிய சிமெண்டு மேடைக்குப் பக்கத்தில் வருடா வருடம் தெருவை உயர்த்தி உயர்த்தி, மேடை முக்கால்வாசி மண்ணுக்குள் போய்விட்டது. ஓர் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு இரும்புக் குழாயைச் சாய்வாகப் பதித்து இருக்கை என்கிறார்கள். உயரம் சரிதான், ஆனால் அதில் உட்கார முடியாது, சாய்ந்து நிற்கத்தான் முடியும்.

பிறகு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரே அச்சில் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி எடுக்கும் இந்த நாற்காலி 1970-களில் பிரான்சு நாட்டில் பெருவாரியாக வரத் தொடங்கி, பிறகு உலகமெல்லாம் பரவியது. இன்றைக்கு நம் ஊரில் கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் எதுவும் அது இல்லாமல் நடக்காது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஏழை வீட்டுக்கும் முதுகு சாய ஒரு நாற்காலி கொடுத்தது அது. ஆனால் அதன் இருக்கை முன்பக்கம் பதினேழு அங்குலம் இருந்தால், பின்பக்கம் இன்னும் சரிந்து தாழ்ந்துபோகும். நெட்டை ஆள் உட்கார்ந்தால் முழங்கால் மேலே போகும், தொடைக்கு அடியில் காற்றுதான் இருக்கும், உடம்பின் பாரம் முழுக்கப் பிட்டத்தின் பின்பக்கமும் நாற்காலியின் பின்கால்களிலும் இறங்கும். வெயிலில் கிடந்து கிடந்து வெளுத்துப்போன பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும்.

போன வைகாசியில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தல் போட்ட இடம் தண்ணீர் தெளித்த மண் தரை. நான் சாய்ந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் பின்கால் மண்ணில் இறங்கியது, பிறகு அகன்றது, பிறகு நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடி ஒன்றும் இல்லை. நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், ஒண்ணும் ஆவல சார், எழுந்திருங்க" என்றார்கள். அன்றைக்கு விழுந்ததைவிட, அதன்பிறகு என் மனைவி என்னைத் தனியாக வெளியே விடாததுதான் பெரிய தண்டனை. மூன்று மாதம் வீட்டு வாசலில் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தெருவைப் பார்த்தேன். தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் சிலர் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். "சார் ஏன் ஜெயில் கைதி மாதிரி நிக்கறாரு?" என்று ஒருத்தி தன் தங்கையிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

அந்த கிரில் கதவு இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் திண்ணை இருந்தது. அதை இடித்தது நான்தான்.

எங்கள் தாத்தா கட்டிய வீடு அது. வாலாஜாபேட்டை நவாப் காலத்து ஊர். ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிற ஊர். 1866-லேயே நகராட்சி ஆனது, சென்னை மாகாணத்தின் மிகப் பழைய நகராட்சிகளில் ஒன்று. தறி ஓடிய தெருக்களிலும் கடைத்தெருவிலும் நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கு வீடு திண்ணை. எங்கள் வீட்டில் வாசல்படிக்கு இருபக்கமும் இரண்டு. ஒரு பக்கம் பெரிய திண்ணை, ஓரத்தில் தலையணைபோல் சாய்வாகக் கட்டிய சிமெண்டுத் திண்டு, சிவப்புக் காவி போட்டு இழைத்தது, கோடையிலும் தொட்டால் சில்லென்று இருக்கும். இன்னொரு பக்கம் அதைவிடத் தாழ்வான சின்னத் திண்ணை.

என் அப்பாவும் நெட்டை. அவர் பெரிய திண்ணையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார மாட்டார். தூணில் முதுகைக் கொடுத்து, குறுக்கே திரும்பி, காலை நீள நீட்டிவிடுவார். பேப்பர் வாசிப்பார். பக்கத்து வீட்டு நெசவாளி குள்ளமான மனிதர், அவர் அதே திண்ணையில் சம்மணம் போட்டு உட்காருவார். பாட்டி படுத்துவிடுவாள். நாங்கள் விளிம்பில் காலை ஆட்டிக்கொண்டு உட்காருவோம். வழிப்போக்கர் யாராவது ராத்திரியில் துண்டை விரித்துத் தூங்கிவிட்டுக் காலையில் போயிருப்பார். அவர் உயரம் என்ன என்று யாருக்கும் தெரியாது.

இதை நான் அப்போது யோசித்ததில்லை. நாற்காலி என்றால் அது ஒரு ஆளின் அளவு. இங்கே முதுகு, இங்கே தொடை, இங்கே பாதம் என்று செய்தவன் முடிவு செய்துவிடுகிறான். அந்த ஆள் நாமாக இருந்தால் சுகம், இல்லாவிட்டால் வலி. திண்ணைக்கு அப்படி ஒரு வடிவம் கிடையாது. தரையைவிட உயர்ந்த ஒரு சமதளம், சாய ஒரு சுவர், பிடிக்க ஒரு தூண். மிச்சத்தை உட்காருகிறவன் பார்த்துக்கொள்வான். நம் தொழிலும் அங்கேதான் தொடங்கியது என்பதைச் சக ஆசிரியர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ மாவட்டம் மாவட்டமாக நம்மூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். திண்ணைப் பள்ளிக்கூடங்கள் ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

1998-ல் ஒரு டிவிஎஸ் 50 வாங்கினேன். ராத்திரியில் வெளியே விட்டால் திருடு போகும் என்று பயம். தெருவிலும் ஒவ்வொரு வீடாகத் திண்ணையை இடித்து கிரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் இடித்தேன். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். "வண்டிக்கு இடம் வேணும்ல, செய்" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலம் முதல் உள்கூடத்தில் துணி போட்ட சாய்வு நாற்காலிக்குப் போய்விட்டார். அந்த நாற்காலியில் நெட்டை ஆள்களுக்கு ஒரு நல்லது உண்டு, துணியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கெடுதல் என்னவென்றால் அதிலிருந்து எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். கடைசி இரண்டு வருடம் அவர் தெருவைப் பார்க்கவே இல்லை. நான் பள்ளிக்குப் போய்விடுவேன், யார் கை கொடுப்பது? இந்த ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மூட்டு மாற்றிய பிறகு கிரில் பிடித்து நின்ற அந்த மூன்று மாதத்தில்தான் எனக்கே தெரிந்தது.

அப்பா வெளியூர் போகும்போது ஒரு பழக்கம் வைத்திருந்தார். வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு அரைமணி முன்னதாகப் போய்விடுவோம். தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியது ராயபுரத்திலிருந்து இந்த வாலாஜா ரோடு வரைதான், 1856 ஜூலை 1-ஆம் தேதி. இதை உங்கள் எல்லோருக்கும் பரீட்சைக்கு இல்லாவிட்டாலும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அந்த ஸ்டேஷனில் அப்பா பெஞ்சில் உட்கார மாட்டார். தன் டிரங்குப் பெட்டியை நிமிர்த்தி வைத்து அதன்மேல் உட்காருவார். பெஞ்சு காலியாக இருக்கும், இவர் ஏன் பெட்டிமேல் உட்காருகிறார் என்று எனக்கு வெட்கமாக இருக்கும். பெட்டி அவர் முழங்காலுக்குச் சரியான உயரம் என்பது இப்போது புரிகிறது.

இளவட்டத்தில் நானும் என் நண்பர்களும் உட்கார்ந்த இடம் பாலாற்று மணல். தண்ணீர் எப்போதோ ஒருமுறைதான் வரும், மணல் எப்போதும் இருந்தது. சாயங்காலம் போய்க் குழி பறித்துக் காலை இறக்கி உட்காருவோம். மணல் யார் உயரத்தையும் கேட்காது, உடம்பு எப்படியோ அப்படி வழிவிடும். அந்த மணலும் லாரியில் ஏறிப் போய்விட்டது. மணல் இருந்த இடத்தில் இன்று பள்ளமும் முள்ளும். கோயில் குளத்துப் படிக்கட்டும் நெட்டையர்களுக்கு நல்ல இடம், வேண்டுமானால் இரண்டு படி தள்ளிக் காலை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த முழங்காலோடு இறங்கியவன் ஏற வேண்டுமே.

சரி, திண்ணைக்கு வருகிறேன்.

கார்த்திகை மாதம் கிரில் கதவின் கீல் உடைந்தது. அதைச் சரிசெய்ய ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வெல்டரை வரவழைத்தேன். வந்தவன் கதவைத் தாண்டக் குனிந்தான். என்னளவு உயரம். "சார், என்னத் தெரியுதா? நைன்ட்டி ஒன்னு, ஏழாங் கிளாஸ்" என்றான். பெயர் சொன்ன பிறகு தெரிந்தது. பல வருடம் ஒரு தோல் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அதனால் போடவில்லை. அவன் செட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். கமெண்டில் எழுதிவிடாதீர்கள்.

"இன்னா சார் நின்னுக்கினே கீறீங்க, உக்காருங்க" என்றான். கதையைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் டேப்பை எடுத்துவிட்டான். "செருப்பு போட்டுக்கோங்க சார், நேரா நில்லுங்க." என் காலடியில் மண்டியிட்டு, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தான். பத்தொன்பதரை அங்குலம். என் மனைவியை அளந்தான், பதினைந்தேகால். அவள் நாலடி பத்து அங்குலம். "ரெண்டு பேருக்கும் ஒரே சேர் எப்டி சார் செட்டாவும்?" என்றான்.

இந்த அளவு முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். செருப்போடு நின்று, தரையிலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை. சாதாரண ஆளுக்கு இருக்கையின் உயரம் இதுதான், அல்லது ஓர் அங்குலம் குறைவு. மூட்டு வலியுள்ளவர்களுக்கு இதற்குமேல் ஒன்று, ஒன்றரை அங்குலம் கூடுதல். உட்கார்ந்தால் தொடை முன்பக்கமாகச் சற்றே சரிந்திருக்க வேண்டும். அகலம் எவ்வளவு என்றால், முதுகு சாய்ந்து உட்காரும்போது விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் போக வேண்டும். கடையில் கிடைக்கும் நாற்காலியில் நெட்டையர்களுக்கு எட்டு விரல் போகும், அதனால்தான் தொடை அந்தரத்தில் நிற்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்தியர்களின் உடல் அளவுகளை எடுத்து 1997-ல் ஒரு புத்தகமாகவே போட்டிருக்கிறது. அளவு இல்லாமல் இல்லை. நடுவாந்தரமான ஆளுக்கு ஒரு அச்சு செய்து லட்சக்கணக்கில் எடுத்தால்தான் விலை கட்டுப்படியாகும், அவ்வளவுதான். நடுவாந்தரத்துக்கு மேலே இருக்கிற எனக்கு முதுகு வலி, கீழே இருக்கிற என் மனைவிக்குக் கால் தரையில் படாமல் மரத்துப்போகும். நாற்பது வருடமாக அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பதை நான் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு யோசனை. நம்ம பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோல். கெட்டியான தோல் பட்டையைப் பின்னி வெளியே ஒரு இருக்கை செய்தால் என்ன? அவன் சிரித்துவிட்டான். "சார், தோலுக்குத் தண்ணிதான் எதிரி. ஒரு மழை நனைஞ்சு காஞ்சா வெறைக்கும், ரெண்டு மழை நனைஞ்சா பூஞ்சை. முன்னல்லாம் ஆவாரம்பட்டைல பதப்படுத்துவாங்களே அந்தத் தோலுகூட வெளிய போட்டா தாங்காது." கடப்பாக் கல் போடலாமா என்றேன். வெயில் படும் இடமென்றால் கறுப்புக் கல் தோசைக்கல் ஆகிவிடும் என்றான். எங்கள் வாசல் கிழக்கு பார்த்தது, மதியத்துக்கு மேல் வீட்டு நிழல் விழும். ஆனாலும் காலையில் பால்காரர் உட்காருவாரே. கடைசியில் பழையபடி செங்கல், சிமெண்டு, மேலே சிவப்புக் காவி என்று முடிவானது. அவனே ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்தான்.

டிவிஎஸ் 50-ஐ மூட்டு ஆபரேஷனுக்கு முன்பே விற்றுவிட்டேன். ஆகவே இடம் இருந்தது. சாக்கடைப் பக்கம் ஒரு அங்குலம்கூட வெளியே போகாமல் எங்கள் மனைக்குள்ளேயே கட்டினோம்.

ஒரு விஷயத்தில் பழைய திண்ணையைவிட இது நன்றாக அமைந்தது. ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதத்தை முழங்காலுக்கு நேர்கீழே வைத்து, முன்னால் குனியாமல் எழுந்திருங்கள். முடியாது. இருபது வயதுப் பிள்ளையாலும் முடியாது. எழுந்திருக்க வேண்டுமானால் உடம்பின் பாரம் பாதத்துக்கு மேலே வர வேண்டும். அதற்குக் குனிய வேண்டும், அல்லது பாதத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் சுலபம். பழைய திண்ணைகள் தரைவரை கெட்டிச் சுவர், குதிகாலைப் பின்னால் இழுத்தால் சுவரில் இடிக்கும். மேஸ்திரியும் அவனும் கலந்து பேசி, மேல்பலகையை ஐந்து அங்குலம் முன்னால் நீட்டி, கீழே சுவரை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். இப்போது குதிகால் உள்ளே போகிறது. விளிம்பைக் கூர்மையாக விடாமல் உருட்டிவிட்டார்கள், தொடையை அறுக்காது. மழைத்தண்ணீர் வழிய மேலே லேசான சரிவு. ஓரத்தில் அவன் ஒரு குழாயை வளைத்துக் கைப்பிடி பதித்தான், இருக்கையிலிருந்து ஒன்பது அங்குல உயரத்தில். அதை ஊன்றி எழுந்தால் முழங்காலுக்குப் பாதி வேலை மிச்சம்.

பெரிய திண்ணை இருபத்தொரு அங்குலம், எனக்கு. அதன் பக்கத்தில் பதினைந்து அங்குலத்தில் சின்னத் திண்ணை, அவளுக்கு. தாத்தா ஏன் அந்தக் காலத்தில் ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் கட்டினார் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. எங்கள் பாட்டி குள்ளம்.

காவி காய்ந்து, தண்ணீர் கட்டி, பத்து நாள் கழித்து அவன் கைப்பிடிக்கு பெயிண்ட் அடிக்க வந்தான். "நீ முதல்ல உக்காந்து பார்டா, நீயும் என் உயரம்தானே" என்றேன். உட்கார்ந்தான். தூணில் சாய்ந்து குறுக்கே திரும்பிக் காலை நீட்டினான், அச்சு அசல் எங்கள் அப்பா போல. அவள் காபி கொண்டுவந்தாள். குடித்துக்கொண்டே சிரித்தபடி சொன்னான்.

"சார், ஏழாங் கிளாஸ்ல புங்கமரத்தடில கிளாஸ் வெப்பீங்களே. ஞாபகம் கீதா?"

ஞாபகம் இருந்தது. கோடையில் ஓட்டு வகுப்பறை கொதிக்கும். பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போவேன். நீங்கள் எல்லோரும் அதைத்தான் இன்றைக்கும் சொல்லி மகிழ்கிறீர்கள். புங்கமரத்து நிழல், பூ உதிரும், சார் கதை சொல்வார் என்று.

"எனக்கு அந்தக் கிளாஸ்தான் சார் பயம். சம்மணம் போட்டா பத்து நிமிஷத்துல முட்டி ரெண்டும் வலிக்கும். அந்த வருஷம்தான் திடீர்னு வளந்துட்டேன். தெரியாம கால நீட்டிருவேன். நீங்க ஸ்கேலால மொழங்கால்ல போடுவீங்க. 'காலை மடக்குடா, ஒட்டகம்'னு. தெனமும். நீங்க மட்டும் சேர்ல உக்காந்துக்கினு."

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தான். அவன் கோபமாகச் சொல்லவில்லை, பழைய கதையாகச் சொன்னான். எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. அவனுடைய முகம் ஞாபகம் வருகிறது, கையெழுத்து ஞாபகம் வருகிறது, அடித்தது வரவில்லை. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. ஒட்டகம் என்பது நான் சொல்லக்கூடிய வார்த்தைதான். நான் ஏழாவது படித்தபோது என் வாத்தியார் என்னைச் சொன்ன வார்த்தை அது.

நெட்டைப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியதும் நான்தான். பின்னால் இருப்பவருக்குப் போர்டு மறைக்கக் கூடாது என்பது காரணம், நியாயமான காரணம்தான். ஆனால் கடைசி பெஞ்சும் முதல் பெஞ்சும் ஒரே உயரம். அதில் முழங்கால் டெஸ்கில் இடிக்க, காலை வெளியே வைத்த பிள்ளைகளைத் திமிர் பிடித்தவர்கள் என்று எத்தனை முறை திட்டியிருப்பேன். நானே காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடத்தில் ஒரே ஒரு மரத்தடி வகுப்பிலாவது, முட்டி வலிக்கிறவர்கள் மரத்து மேடையில் உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். மேடை பக்கத்திலேயேதான் இருந்தது. அதில் என் குடையும் வருகைப் பதிவேடும் உட்கார்ந்திருந்தன.

அவனிடம் அப்போது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இன்னொரு காபி குடிக்கறியாடா?" என்றேன். குடித்தான். பெயிண்ட் அடித்தான். கூலி வாங்க மாட்டேன் என்றான், சட்டைப்பையில் வைத்துத் திணித்தேன். போகும்போது, "பெயிண்ட்டு காய ரெண்டு நாளாவும், கைப்பிடியத் தொடாதீங்க சார்" என்று அதட்டிவிட்டுப் போனான்.

அன்று அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன், அவன் இதைப் படிப்பான். தப்பு என்னுடையதுதான்டா. இதைப் படிக்கும் மற்ற நெட்டைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெண் பிள்ளைகளும் உண்டு, அவர்கள் உயரத்தை மறைக்க முதுகைக் கூனி உட்காருவார்கள், அதற்கும் திட்டியிருக்கிறேன்.

இப்போது தினமும் நாலரை மணிக்குமேல் வாசலில் நிழல். நான் மேலே, அவள் கீழே. எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டு கிரில் வழியாகப் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது எங்கள் சின்னத் திண்ணைக்கே வந்துவிடுகிறார். கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைக்கப் பெரிய திண்ணைதான் வசதி என்கிறார். தலையிலிருந்து இறக்க அதிகம் குனிய வேண்டாமாம். அந்தக் காலத்தில் சாலையோரம் சுமைதாங்கிக் கல் வைத்தார்களே, பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாக, ஆள் நின்றபடியே தலைச்சுமையை இறக்கி வைக்கும் உயரத்தில், அது எனக்கு ஞாபகம் வந்தது. அவரிடம் சொன்னேன். "எங்க ஊரு எல்லைல இன்னும் ஒண்ணு கீது, போஸ்டர் ஒட்டி வெச்சிருக்கானுங்க" என்றார்.

ஊருக்கு வரும்போது வாருங்கள். வீட்டில் நெட்டையான பெரியவர்கள் இருந்தால் கூட்டி வந்து உட்காரவைத்து, இந்த உயரம் அவர்களுக்குச் சரிப்படுகிறதா என்று பார்த்து அளவெடுத்துக்கொண்டு போங்கள். நாலு அங்குலச் செங்கல்லும் ஒரு பலகையும் இருந்தால் இருக்கிற திண்ணையையே உயர்த்திக்கொள்ளலாம். நாற்காலியாக இருந்தால் காலுக்கு அடியில் மரக்கட்டை கொடுக்கலாம், ஆனால் நான்குக்கும் ஒரே அளவாகக் குழி தோண்டிய கட்டையாக இருக்க வேண்டும், வெறும் செங்கல் வைத்து ஏறாதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலிக்கு அதுவும் வேண்டாம்.

ஆறு மணிக்குமேல் கொசு. அதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.